கடுகுத் தலையணை

விடுதிக்குள் யாராவது நுழைந்தால் சரசு முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பாள். கை தானாகப் போய் எதைத் தொட்டுப் பார்க்கிறதோ, பணம் அங்கேதான் இருக்கும். இடுப்பைத் தடவிக்கொள்பவர் உண்டு. சட்டையின் உள்பையைத் தட்டிக்கொள்பவர் உண்டு. தன்மேல் கையே வைக்காமல் மனைவியின் பையை விட்டுக் கண்ணெடுக்காதவரும் உண்டு. சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பின்புறத்துச் சந்தில், பதினான்கு அறை கொண்ட அந்த விடுதியின் மேசையில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்து அவள் கற்ற வித்தை இது.

குவீன்ஸ்டவுனில் பிறந்தவள். உயர்நிலை நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மின்னணுத் தொழிற்சாலையில் சில வருடம், பள்ளிக்கூட கேண்டீனில் சில வருடம், அப்புறம் இந்த மேசை. இப்போது வீடு ஈசூனில். காலையில் எம்ஆர்டி ரயில் ஏறினால் சாயங்காலம் திரும்பவும் அதே ரயில். அவள் போன வெளிநாடு என்றால் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூரும், ஒரே ஒரு முறை இந்தோனேசியாவின் பாத்தாம் தீவும்தான். ஆனாலும் எந்த ஊர் விமான நிலையத்தில் ஊறுகாயை விடுவார்கள், எந்த ஊரில் வாழைக்காய் வறுவலைக்கூடப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று அவளைக் கேட்டால் சொல்வாள். எல்லாம் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதுதான்.

இந்தப் பண ஆராய்ச்சி தொடங்கியதற்கு ஒரு திருச்சிக்காரர் காரணம். சரசு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அவர் அறையைக் காலி செய்துவிட்டு சாங்கி விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகு அலறிக்கொண்டு போன் செய்தார்: "ஏசி மூடிக்குள்ள வெச்சேம்மா, மறந்துட்டேன்!" முக்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். தூசியோடு ஒரு பாலித்தீன் உறை இருந்தது. அதை ஒரு டாக்சியில் ஏற்றி அனுப்பினாள். அன்றிலிருந்து, புதிதாக ஒருவர் வந்தால் அவளுக்கு உள்ளே ஒன்று குடைய ஆரம்பித்துவிடும். இவர் எங்கே வைத்திருப்பார்?

பக்கத்துக் கடை நூர்தீனுடையது. காசு மாற்றும் கடை. சரசுவின் விருந்தாளிகள் காசு மாற்ற அங்கேதான் போவார்கள். பணம் எங்கே இருக்கிறது என்று இவள் ஊகிப்பாள். எங்கிருந்து வெளியே வருகிறது என்று அவர் நேரில் பார்ப்பார். நுரை பொங்க ஆற்றிய ஒரு தேநீர், ஒரு தே தாரிக், இருவருக்கும் பந்தயம். மிளகாய்த்தூள் டப்பா, குழந்தையின் பவுடர் டின், செருப்பின் அடித்தட்டு, குரங்குக் குல்லா என்று இதுவரை எத்தனையோ. ஒருவர் பொய்ப்பல் டப்பாவுக்குள் வைத்திருந்தார். அன்றைக்கு மட்டும் பந்தயத்தில் ஜெயித்தும் நூர்தீன் தே குடிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. மருதப்பன், அவர் மனைவி பாக்கியலட்சுமி, மகன் அசோக். மகனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மகள் யாமினி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம். செவ்வாய்க்கிழமை என்று டாக்டர் நாள் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் சிங்கப்பூர் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை இரவு பெர்த்துக்குப் பறப்பதாக ஏற்பாடு.

அசோக் படிவம் எழுதுவதை மருதப்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, இதுல படிப்புக்குன்னு கட்டம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க ஐயா. பாஸ்போர்ட் நம்பர் போதும் லா." சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"பய பி.இ. எங்க வகையறாவுலயே முத டிகிரி இவன்தான்." கட்டம் இல்லாததை வாயால் நிரப்பிவிட்டார்.

அசோக் கூச்சத்தோடு சிரித்தான். ஆனால் முதுகு நிமிர்ந்தது. சரசுவின் கண் வழக்கம்போலக் கைகளுக்குப் போயிற்று. மருதப்பனின் கையில் ஒரு பழைய கருப்புக் குடை. வேறு எதையும் அவர் தொடவில்லை. பாக்கியலட்சுமியும் தன்மேல் எங்கும் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு நின்றாள். பிரசவச் சாமானாக இருக்கும் என்று சரசு விட்டுவிட்டாள். அசோக்கின் கை மட்டும் நிமிடத்துக்கு ஒரு முறை போனுக்குப் போனது.

"காசு மாத்தணும்னா பக்கத்துக் கடை இருக்கு தம்பி."

"காசு தூக்கிட்டு வர்றதெல்லாம் அந்தக் காலம் ஆன்ட்டி. தொலைஞ்சா போச்சு. நான் கொஞ்சம்தான் கையில வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் கார்டு. அதையும் யாராவது அடிச்சிட்டா என்ன பண்றது? அதான் வெளிநாட்டுல ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு பூட்டு போட்டுட்டேன்."

"அம்மா அப்பா கையில?"

"அவங்க எதுக்கு ஆன்ட்டி தூக்கிச் சுமக்கணும்? பருத்தி வித்த பணம்கூட என் அக்கவுண்ட்லதான்."

"படிச்சவன் கையில இருந்தாத்தான் பத்திரம்," என்றார் மருதப்பன்.

சரசு தலையாட்டினாள். அவர்கள் மாடி ஏறியதும், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நூர்தீன் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, எங்க?"

"மகனோடது போனுக்குள்ள. பந்தயத்துல சேத்தி இல்ல. அந்த அம்மா எங்க வெச்சிருக்காங்கன்னுதான் தெரியல."

"அதான் ஒண்ணும் இல்லன்னு பையன் சொல்றானே."

"பிள்ளைப்பேறு பாக்கக் கடல் தாண்டிப் போற பொம்பளை ஒண்ணுமில்லாமலா கிளம்பியிருப்பா? சும்மா இருங்க பாய்."

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு அசோக் தனியாகக் கீழே வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, ரூம்ல கூட்டின குப்பை எங்க போகும்?"

சரசுவுக்கு உள்ளே குடைய ஆரம்பித்தது. "எதைத் தேடுற?"

"சிம் கார்டு."

வெட்கத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முந்தின நாள் சாயங்காலம் விமானக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை இரவு விமானம் ரத்து. கட்டிய பணம் திரும்பி வரப் பத்து வேலை நாள் ஆகும். அடுத்த தெருவில் இருக்கும் டிராவல் ஏஜென்ட் ஞாயிறு காலை விமானத்தில் மூன்று இடம் பிடித்து வைத்திருக்கிறார். இன்று ஐந்து மணிக்குள் ஆயிரத்து அறுநூற்றைம்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்ட வேண்டும்; ரூபாயில் லட்சத்துக்கு மேல். விட்டால் சேர்ந்தாற்போல் மூன்று இடம் வியாழக்கிழமைதான். அதற்குள் யாமினிக்குப் பிரசவம் முடிந்திருக்கும்.

கணக்கில் பணம் தாராளமாக இருந்தது. ஆனால் நாளுக்குப் பத்தாயிரம் என்று அவனே போட்ட பூட்டைத் திறந்தால்தான் அது வெளியே வரும். திறப்பது வங்கிச் செயலியில். வங்கியில் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் அந்தச் செயலி வாயைத் திறக்கும். ஊரில் ரோமிங் எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். ஆனால் போனில் ஒரு ஓட்டையில் மெமரி கார்டு. இன்னொன்றில் சுற்றுலா சிம் போட வேண்டும் என்று, விமானம் தரை இறங்கியதும் ஊர் சிம்மைக் கழற்றி போர்டிங் பாஸின் பின்னால் டேப் போட்டு ஒட்டினான். பாஸ்போர்ட்டுக்குள் வைத்ததாகத்தான் ஞாபகம். பாஸ்போர்ட்டில் இல்லை.

"பேங்க்குக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். பதிவு பண்ணின நம்பர்ல இருந்து கூப்பிடுங்கன்னு சொல்றாங்க. அது இருந்தா நான் ஏன் ஆன்ட்டி கூப்பிடப் போறேன்?"

சரசு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உன் மச்சான் அங்க இருக்காருல்ல? அவர் கார்டுல ரெண்டு நிமிஷம்."

அசோக் பதறிவிட்டான். "தலைப்பிரசவம் எங்க வீட்டுச் செலவு ஆன்ட்டி. அதுக்குப் போறதுக்கே மாப்பிள்ளைகிட்ட டிக்கெட் காசு கேட்டாங்கன்னு ஆயிட்டா, அப்பா அங்க போய் ஒரு வாய் சோறு திங்க மாட்டாரு. யாமினி காலம் பூரா கேக்கணும்."

ஈசூனில் அவள் மாடியிலேயே இப்படி ஒரு பேச்சில் இரண்டு வீட்டார் பல வருடமாக ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. நான் தருகிறேன் என்று ஒரு சொல் வாய்வரை வந்தது. அவளுடைய மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு அந்தத் தொகை. சொல் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி. நேரம் மாறி இருக்கு, நாளைக்குக் காலையில பிளைட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன். என்னை நம்பித்தான் எல்லாத்தையும் குடுத்தாரு."

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் பின்கட்டில் மூன்று நாள் குப்பைப் பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். வாழைப்பழத் தோல், தேயிலைப் பை, யாரோ ஒருவரின் அறுந்த பூணூல். சிம் இல்லை. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கிழித்துச் சலித்தார்கள். அதிலும் இல்லை. மணி இரண்டரை. விமான நிலையத்தில் தேடலாம் என்று அசோக் சுற்றுலா சிம்மில் இருந்த கடைசிப் பேச்சு நிமிடங்களையும் தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் காத்திருந்தே கரைத்தான். பிறகு ஏஜென்டிடம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனான். நடையில் வியாழக்கிழமை இருந்த நிமிர்வு இல்லை.

சரசு கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து நூர்தீன் கடை வாசலில் போய் நின்றாள்.

"பாய், ஒரு சாமான் தொலஞ்சா அது குப்பையில இருக்கணும். குப்பையில இல்லைன்னா?"

"காத்துல போயிருக்கும்."

"இல்ல லா. யாரோ எடுத்துப் பத்திரமா வெச்சிருக்காங்க. இத்தன வருஷத்துல நான் பாத்தது அதான். தொலச்ச ஆளு ஒண்ணு, எடுத்து வெச்ச ஆளு ஒண்ணு. ரெண்டு பேரும் பேசிக்கிறது கிடையாது."

சொல்லும்போதே அவளுக்கு அந்த இரண்டு கை ஞாபகம் வந்தது. பொட்டலத்தை அணைத்த கை. வெள்ளிக்கிழமை காலை எதிர்க்கடைக்கு இட்லி சாப்பிட வந்தபோதும் பாக்கியலட்சுமி அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள். பிரசவச் சாமானை யாராவது இட்லிக் கடைக்குத் தூக்கி வருவார்களா?

"எங்கக்கா ஓடுறீங்க?"

"உங்க தே தாரிக்கை ஜெயிக்கத்தான்!"

மருதப்பன் குடையோடு தேக்கா சந்தைக்குப் போயிருந்தார். முருங்கைக்காய் விலையை ஒவ்வொரு கடையாகக் கேட்டு அதிர்ச்சி அடைவது அவருக்கு மூன்று நாளாகப் பொழுதுபோக்கு. அறையில் பாக்கியலட்சுமி மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம்.

அப்பாகிட்ட சொல்லக் கூடாது என்றுதானே சொன்னான், அம்மாகிட்ட என்று சொல்லவில்லையே. சரசு இப்படித் தனக்குத் தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பையன் எதையோ தொலைச்சிட்டுத் தேடுறான். உங்களுக்குத் தெரியுமா?"

"தொலைச்சிருக்கான்னு தெரியும் தாயி. நேத்து ராத்திரியில இருந்து நகத்தைக் கடிக்கான். சின்னதுல பேனா தொலைச்சாலும் அப்படித்தான். என்னத்தன்னுதான் தெரியல. கேட்டா, உனக்குப் புரியாதும்மாங்கான்."

"அந்தப் பொட்டலத்துல என்னக்கா?"

பாக்கியலட்சுமி ஒரு கணம் யோசித்துவிட்டுத் துணியை விலக்கினாள். உள்ளே இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டித் தலையணை. மஞ்சள் பூப்போட்ட பருத்தித் துணி, நெருக்கமான கைத்தையல். அசைத்தால் சரசரவென்று சத்தம்.

"கடுகு. பச்சப்பிள்ளைக்குத் தலைக்கு வெச்சாத்தான் மண்டை உருண்டையா வரும். யாமினிக்கும் இப்படித்தான் தச்சேன்."

சரசுவின் முகம் மாறியது. "ஐயோ அக்கா, இதை அந்த ஊருக்குள்ள விட மாட்டாங்க. விதைன்னா அங்க அவ்வளவு கறார். போன வருஷம் இங்க தங்கினவங்க ஒருத்தர் சாமி கயிறுல கோத்த ஏதோ கொட்டையைக்கூடக் கொடுத்துட்டுப் போனாங்களாம். இது தலையணையோட போயிடும்."

"தலையணையோடயா?" பாக்கியலட்சுமி அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "முழுசாவா?"

அந்தப் பதற்றம் கடுகுக்கானது இல்லை என்று சரசுவுக்கு உடனே தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று வருட வித்தை. மிளகாய்த்தூள் டப்பாவையும் பொய்ப்பல்லையும் கண்டுபிடித்தவள், கண்ணெதிரே மூன்று நாள் இருந்ததைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

"அக்கா, உள்ள வேற என்ன வெச்சிருக்கீங்க?"

பாக்கியலட்சுமி கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஆட்டுக்குட்டி வித்தது. அவுகளுக்கும் தெரியாது, பயலுக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கலாம்னு."

மேசை இழுப்பறையிலிருந்து கத்தரி வந்தது. பிஸ்கட் டின் ஒன்றும் வந்தது. ஓரத் தையலைப் பிரித்ததும் கடுகு மழைபோல் டின்னுக்குள் கொட்டியது. நடுவிலிருந்து பாலித்தீனில் சுருட்டிய ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வந்தன. மூன்று டிக்கெட்டுக்கு அது எந்த மூலைக்கு? சரசு மனசுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டாள். அப்போது தலையணையின் ஓரத்தில், தைக்காமல் மடித்து மட்டும் விட்டிருந்த ஒரு சந்திலிருந்து அட்டைத் துண்டு ஒன்று வழுக்கி வெளியே வந்தது. நாலாக மடித்த போர்டிங் பாஸ். பின்பக்கம் டேப். டேப்புக்கு அடியில் சின்னதாக, பொன்னிறத்தில் ஒரு சில்லு.

"அக்கா! இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அதுவா? பிளேன்ல எந்திரிக்கும்போது பய சீட்டுலயே விட்டுட்டான். இம்புட்டு டேப்பு போட்டு ஒட்டியிருக்கானே, வேணும்போலன்னு எடுத்துச் சொருகி வெச்சேன். கேப்பான், குடுக்கலாம்னு இருந்தேன்." பாக்கியலட்சுமி சாதாரணமாகச் சொன்னாள். "கேக்கவேயில்லையே."

அசோக் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்தபோது மணி நாலு பத்து. ஏஜென்ட் கூடுதல் நேரம் தரவில்லை. அம்மாவின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தான். கட்டிலில் பிரித்துக் கிடந்த தலையணையையும் டின் நிறையக் கடுகையும் பார்த்தான்.

"என்னடா முழிக்க? இதான் தேடினியா?"

"ஏம்மா சொல்லல?"

"நீ ஏன்டா கேக்கல?"

போனின் ஓட்டையைத் திறக்க ஊசி வேண்டும். அவனிடம் இல்லை. பாக்கியலட்சுமி தாலிக் கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். ஊர் சிம் உள்ளே போயிற்று. போன் கொஞ்ச நேரம் யோசித்தது. மூன்று பேரும் அதன்மேல் குனிந்து நின்றார்கள். ஒரு கோடு எழும்பியது, இரண்டு கோடு. அப்புறம் தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் டிங் டிங்கென்று கொட்டின. கடைசியில் ஆறு இலக்கத்தோடு வங்கிச் செய்தி. அசோக் பூட்டைத் திறந்துவிட்டு, செருப்பு ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினான். நாலு ஐம்பதுக்கு அவன் அனுப்பிய ரசீதுப் படம் சரசுவின் போனுக்கு வந்தது.

திரும்பி வந்தவன் நேரே மாடிக்குப் போகவில்லை. சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்த அப்பாவை விடுதி வாசலிலேயே நிறுத்தி, ஒன்று விடாமல் சொன்னான். சரசு படிவங்களை அடுக்குவதுபோல் காதை நீட்டி வைத்திருந்தாள். மருதப்பன் குடையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஆக, என் பருத்திக் காசு எனக்கு வேணும்னா, உங்கம்மா தலையணையக் கிழிச்சாத்தான் வரும். அப்படித்தான?"

"தப்புதாம்ப்பா."

"நான் குடுத்ததும் தப்புதான்டா. ஒத்த மாட்டு மேலயே மொத்த மூட்டையும் ஏத்திட்டேன்." மேலே என்னவோ சொல்ல வாயெடுத்தவர், சரசு பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "ஆனா பாரு தாயி, அந்தப் பூட்டை அவனே போட்டு அவனே தொறந்துருக்கான். பி.இ. பி.இ.தான்."

அன்று சாயங்காலம் நூர்தீன் கடையில் ஆட்டுக்குட்டிப் பணம் ஆஸ்திரேலிய டாலராயிற்று. சரசு சொன்னபடி அதை மூன்றாகப் பிரித்து மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கு வைத்துக்கொண்டார்கள். பாக்கியலட்சுமியின் பங்கை எங்கே வைக்கிறாள் என்று பார்க்கக் கூடாது என்று சரசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய வேலைக் காலத்திலேயே அது முதல் தடவை. வங்கியின் எண்ணையும் யாமினியின் எண்ணையும் அசோக் மூன்று தாளில் தமிழில் எழுதினான். மெமரி கார்டைக் கழற்றிப் பையில் போட்டான். இரண்டு சிம்மும் போனிலேயே இருக்கட்டும்; படம் எடுக்க இடம் போதாவிட்டால் போகட்டும் என்றான்.

ஞாயிறு காலை டாக்சியில் ஏறும்போது மூவரின் பைகளையும் சரசு தூக்கிக் கொடுத்தாள். மருதப்பன் எல்லாவற்றையும் கொடுத்தார். குடையை மட்டும் கொடுக்கவில்லை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

டின்னில் இருந்த கடுகு ஈசூனுக்குப் போயிற்று. "ஒரு குடும்பத்துக்கு எதுக்குடி இத்தனை கடுகு?" என்றார் வீட்டுக்காரர். சரசு கதையைச் சொல்லிக்கொண்டே தாளித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேசையில் உட்கார்ந்ததும் போனில் ஒரு படம் வந்திருந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி, திங்கட்கிழமை இரவே யாமினிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாமினி, அவள் தலைமாட்டில் கலைந்த முடியோடு பாக்கியலட்சுமி, கையில் துணிச் சுருளுக்குள் ஒரு சின்ன முகம். கீழே அசோக் எழுதியிருந்தான்: 'வலி எடுத்ததுல இருந்து அம்மா கூடவே இருந்தாங்க ஆன்ட்டி. கடுகு இங்கயே கடையில கிடைக்குது. தலையணை தச்சாச்சு. உள்ள வெறும் கடுகு மட்டும்தான்னு அம்மா சொல்லச் சொன்னாங்க.'

சரசு படத்தை நூர்தீனிடம் கொண்டு போனாள்.

"மாஷா அல்லா. அப்ப பந்தயம்? தலையணைன்னு நீங்களும் சொல்லல, நானும் சொல்லல."

"ரெண்டு பேரும் தோத்தாச்சு. அவங்கவங்க தே அவங்கவங்க காசுல."

தே வந்தது. சரசு இன்னொரு முறை படத்தைப் பார்த்தாள். குழந்தையை, அதன் மூக்கை, பாக்கியலட்சுமியின் சிரிப்பை. பிறகு இரண்டு விரலால் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினாள். கட்டிலின் கால்மாட்டில் மருதப்பன் நின்றிருந்தார். ஆஸ்பத்திரி அறைக்குள்ளும் இடது கையில் அந்தக் கருப்புக் குடை, பிடியோடு இறுகப் பற்றியபடி.

"பாய்," என்றாள் சரசு மெதுவாக, "குடைப்பிடி உள்ள வெறும் கூடாத்தான இருக்கும்?"

நூர்தீன் தே கோப்பையை வைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார்.